பாஸ்ரா சாலையில் போனதும் வந்ததும்

தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் ‘நட்பு நாடு’ என்று சொல்லும்போதெல்லாம் என் மனைவி ரீத்தா என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரியும். கோபம் ஒன்றுமில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் குவைத் துறைமுகத்தில் நின்ற பெட்டிகள் ஞாபகத்துக்கு வரும். அப்புறம் செய்தியில் மனம் நிற்காது.

அறந்தாங்கியில் வளைகுடா ஓட்டுநர்கள் சேர்ந்து ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்கள். போன மாதம் அதற்காக இரண்டு பேர் ஆவூருக்கு என்னைத் தேடி வந்தார்கள். “அங்கிட்டு மறுபடியும் பதட்டமா இருக்குங்கய்யா. எந்த நாடு எந்தப் பக்கம்னு அங்கயே இருக்குற எங்களுக்கே புரியலை. நீங்க அங்கிட்டு நடந்த சண்டையெல்லாம் பாத்தவுக. எழுதிக் குடுங்க” என்றார்கள். அரசியல் எழுத எனக்குத் தெரியாது. நான் வண்டி ஓட்டியவன். வண்டியில் எதை ஏற்றினேன், யார் ஏற்றச் சொன்னார்கள், அது எங்கே போய் எப்படித் திரும்பி வந்தது என்பது தெரியும். அதைச் சொல்கிறேன்.

என் பெயர் ஆரோக்கியம். அரபிகள் வாயில் அது நுழையாமல் ‘ஆரூக்’ ஆகிவிட்டது. குளத்தூர்ப் பக்கம் கல் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, கீரனூர் ரோட்டில் ஸ்டியரிங் பிடித்து, ஹெவி லைசென்ஸ் வாங்கி, பம்பாய் ஏஜெண்டு வழியாகக் குவைத் போய்ச் சேர்ந்தேன். கல் லாரி ஓட்டியவனுக்குப் பாரம் பயமில்லை என்று ட்ரெய்லரில் ஏற்றிவிட்டார்கள். ஈராக்குக்கும் ஈரானுக்கும் அப்போது கடும் சண்டை நடந்துகொண்டிருந்தது.

வண்டிகள் நிறுத்திப் பாரம் ஏற்றும் எங்கள் யார்டின் மேலாளர் ஒரு பாலஸ்தீனர். மூத்த மகன் பெயர் நபீல் என்பதால் அவரை எல்லோரும் அபு நபீல், அதாவது நபீலின் அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ஊரில் ‘செல்வி அப்பா’ என்று கூப்பிடுகிற மாதிரிதான். சொந்த ஊரை விட்டுச் சின்ன வயதிலேயே வந்தவர். பிள்ளைகள் பிறந்தது, பெற்றவர்களை அடக்கம் செய்தது எல்லாம் குவைத்தில்தான். அவர் பேசியது அரபியும் உடைந்த இந்தியும் கலந்த ஒரு பாஷை. அதை நான் தமிழில் எழுதுகிறேன்.

அவர் யாரையும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. பாரம் ஏற்றி முடிந்ததும் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடப்பார். சங்கிலியைக் காலால் அழுத்திப் பார்ப்பார். ஒரு சங்கிலி கொஞ்சம் தொய்ந்திருந்தாலும் அதை மட்டும் இறுக்கச் சொல்லமாட்டார். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, “மறுபடியும்” என்பார். அவ்வளவுதான். வெயில் கொதிக்கும். இரும்பில் கை வைக்க முடியாது. கையுறை மாட்டி மறுபடி கட்டுவோம். கனத்த சாமான் நடுவில், அச்சுக்கு நேராக வரவேண்டும். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே மரக்கட்டை. சங்கிலி குறுக்காகப் போகவேண்டும், நேராக இழுத்தால் பிரேக் போடும்போது பாரம் முன்னால் நகரும். கடைசியில் தார்ப்பாய். தார்ப்பாய் கட்டிய பிறகு ஓட்டுநரைப் பின்னால் நிற்கவைத்து, “உள்ளே என்ன இருக்கிறது, எது எங்கே இருக்கிறது, சொல்” என்பார். தெரியாமல் ஓட்டுகிறவன் வளைவில் கவிழ்ப்பான் என்பது அவர் கணக்கு.

பெட்டிகளில் என்ன இருந்தது என்பதற்கு மட்டும் அவரும் ‘இயந்திரப் பாகம்’ என்றுதான் சொல்வார். கப்பல் கப்பலாக வரும். ஈராக்கின் சொந்தத் துறைமுகம் சண்டையில் அடைபட்டுக் கிடந்தது. பக்கத்து நாடு கஷ்டப்படுகிறது, நாம் கை கொடுக்கவேண்டும் என்று குவைத் தன் துறைமுகத்தைத் திறந்துவிட்டிருந்தது. அரிசியும் சிமெண்டும் போயின. தார்ப்பாய் போட்டு மூடிய மற்றவையும் போயின. எல்லைக்கு வடக்கே பாஸ்ராவில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வருவோம்.

எங்கள் முதலாளி குவைத்காரர், நல்ல மனிதர். வண்டிகள் வரிசையாகக் கிளம்பும்போது வாசலில் நின்று ஓட்டுநர்களுக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார். அலுவலகச் சுவரில் ஈராக் அதிபர் படம் மாட்டியிருந்தார். “அவன் அங்கே தடுத்து நிறுத்தாவிட்டால் நெருப்பு இங்கே வரும். அவன் நமக்குக் கதவு” என்பார். அவருடைய தம்பி ஜாசிம் கல்லூரி முடித்துவிட்டு யார்டிலேயே கிடப்பான். அவனுக்குப் பெரிய வண்டி ஓட்ட ஆசை. முதலாளி வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அபு நபீல்தான் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, காலி ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். ஜாசிம் மூன்று தடவை சுவரில் இடித்தான். அவனிடமும் அதே “மறுபடியும்”தான்.

என்னோடு கீரமங்கலத்துக் கருப்பையா ஓட்டினான். என்னைவிட இளையவன். வாய் சும்மா இருக்காது. ஒருநாள் பாரம் கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டான்.

“ஏண்ணே, இம்புட்டுச் சாமானும் அங்கிட்டு போகுதே. சண்டை முடிஞ்சு போச்சுன்னா மிச்சத்த என்ன செய்வாக?”

“திருப்பி அனுப்புவாக” என்றேன் சிரிப்பாக.

அபு நபீல் என்ன பேசுகிறோம் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கருப்பையாவைப் பார்த்துவிட்டு, “கட்டு” என்று மட்டும் சொன்னார்.

எல்லையில் ஈராக் பக்கம் சஃப்வான் என்ற ஊர். அங்கே எங்கள் வண்டிகளைச் சோதிப்பவர் ஹமீத் என்ற கேப்டன். காகிதம் பார்த்து, சீல் பார்த்து, வண்டி எண்ணைச் சத்தமாகப் படிப்பார். பிறகு சின்னக் கண்ணாடித் தம்ளரில் கறுப்புத் தேநீர் வரும். இந்தியர்கள் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். “ஹிந்தி, சதீக்” என்பார். இந்தியன், நண்பன் என்று அர்த்தம். நம் நாட்டுக்கும் அவர்கள் நாட்டுக்கும் அப்போது நல்ல உறவு. அவருடைய ஊரில் நம் நாட்டு இன்ஜினியர்கள் பாலம் கட்டினார்களாம். வருடக்கணக்கில் அவர் கையால் தேநீர் குடித்திருக்கிறோம். என் வண்டி மூன்றாவது கியரில் முனகும் என்பதுகூட அவருக்குத் தெரியும். தூரத்தில் வரும்போதே, “ஆரூக் வருகிறான்” என்பாராம்.

ஈரான் சண்டை முடிந்தபோது குவைத்தில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றின. முதலாளி கிடா வெட்டி விருந்து வைத்தார். இரண்டு வருடத்துக்குள் பேச்சு மாறியது. எண்ணெய்த் தகராறு என்றார்கள், எல்லைத் தகராறு என்றார்கள், சண்டைக்காலத்தில் கொடுத்த கடனைக் குவைத் திருப்பிக் கேட்டதில் வருத்தம் என்றார்கள். சுவரில் இருந்த படத்தை முதலாளி எடுக்கவில்லை. “அண்ணன் தம்பிச் சண்டை, பேசித் தீர்ப்பார்கள்” என்றார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு விடியற்காலையில் கட்டடம் அதிர்ந்தது. நாங்கள் தங்கியிருந்த இடம் யார்டுக்குள்ளேயே மாடியில். சன்னலைத் திறந்தால், பாஸ்ரா சாலையில் டாங்கிகள் வந்துகொண்டிருந்தன. முன்னால் டாங்கிகள், பின்னால் ராணுவ லாரிகள், அதற்கும் பின்னால் ட்ரெய்லர்கள். தார்ப்பாய் குறுக்குச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. கருப்பையா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணே, நம்ம ஏத்தி விட்டதுதான்ணே வருது” என்றான்.

எங்களைப் போல எத்தனையோ யார்டுகள் ஏற்றின. எந்தப் பெட்டி யாருடையது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் நான் அந்தச் சங்கிலிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அபு நபீல் தன் குடியிருப்பிலிருந்து ஓடிவந்தார். முதல் தடவையாக அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். “வண்டிகளை எடுத்துப் போய்விடுவார்கள். எல்லா வண்டியிலும் டீசல் பம்பைக் கழற்றுங்கள்” என்றார். பம்பு இல்லாவிட்டால் இன்ஜினுக்கு எண்ணெய் ஏறாது, வண்டி வெறும் இரும்பு. நாங்கள் எல்லோரும் இறங்கினோம். பகலுக்குள் எல்லா வண்டியிலும் கழற்றி, கந்தையில் சுற்றி, எங்கள் சமையல்கட்டில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கினோம். முதலாளி குடும்பத்தோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். அவருக்கே அது தெரியாது.

இரண்டு நாள் கழித்துச் சிப்பாய்கள் வந்தார்கள். சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார்கள். ஒன்றும் கிளம்பவில்லை. ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் என் வண்டிக் கண்ணாடியை உடைத்தான். அந்த நேரத்தில் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். ஹமீத். தோள்பட்டையில் ஒரு பட்டை கூடியிருந்தது.

இந்த வண்டிகள் ஒவ்வொன்றும் எப்படி ஓடும் என்று அவருக்குத் தெரியும். சில வாரம் முன்புகூடப் பார்த்திருக்கிறார். அவர் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அபு நபீலிடம், “என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“உதிரிபாகம் வரவில்லை” என்றார் அபு நபீல்.

ஹமீத் என் வண்டியின் உடைந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிப்பாய்கள் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: “எல்லாம் பழைய வண்டி. எனக்குத் தெரியும். விடுங்கள், அடுத்த இடத்துக்குப் போங்கள்.”

சிப்பாய்கள் வெளியே போனதும் அபு நபீல் அவர் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். விடவே இல்லை. யார்டின் நடுவில், பட்டப்பகலில், எதிர்க் குடியிருப்பின் பால்கனிகள் அத்தனையும் பார்க்க, அந்தக் கை பிடித்தபடியே இருந்தது. பிறகு எங்களைக் காட்டி, “இந்த ஜனங்கள் ஊர் போகவேண்டும். ஒரு பஸ் இருக்கிறது. வழியில் பிடுங்காமல் இருக்க ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டார். ஹமீத் ஜீப்பின் முன்மூடியில் வைத்தே எழுதிக் கொடுத்தார். என்னைத் தாண்டிப் போகும்போது, “ஆரூக், அம்மானுக்குப் போ, அங்கிருந்து உங்கள் விமானம் இருக்கிறது” என்றார். அவர் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. அவரும் பார்க்கவில்லை.

கிளம்புவதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். விடைபெற அபு நபீல் வீட்டுக்குப் போயிருந்தேன். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பாலஸ்தீனர்களின் தலைவர், வெளிநாட்டில் இருப்பவர், பாக்தாத் போய் ஈராக் அதிபரைக் கட்டிப்பிடிக்கும் காட்சி. நபீலுக்கு அப்போது இருபது வயது இருக்கும். அவனும் அவன் சிநேகிதர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சன்னல் திறந்திருந்தது.

“பாபா, இவன்தான் நம் மண்ணை மீட்டுத் தருவான். இவனிடம்தான் பலம் இருக்கிறது” என்றான் நபீல்.

அபு நபீல் போய்ச் சன்னலைச் சாத்தினார். தொலைக்காட்சியை அணைத்தார். “நம் தலைவர் அங்கே கட்டிப்பிடிக்கிறார். நாம் இங்கே குடியிருக்கிறோம்” என்றார். நபீல் முகம் சிவந்து எழுந்து போய்விட்டான்.

ஒரே ஒரு பஸ்ஸுக்கு மட்டும் பம்பை மாட்டினோம். நம் மாவட்டத்து ஆட்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்த பெண்கள், கைக்குழந்தையோடு ஒரு தையல்காரர் குடும்பம். நானும் கருப்பையாவும் மாறி மாறி ஓட்டினோம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அந்தச் சீட்டைக் காட்டுவேன். “ஹிந்தி? சதீக்” என்று வழிவிட்டார்கள். ஒரு சாவடியில் குழந்தைக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். எங்களுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்த காரில் ஒரு குவைத் குடும்பம். அந்தப் பெரியவரை மணலில் முழங்கால் போடவைத்திருந்தார்கள். நாங்கள் அவரைக் கடந்து போனோம். நம் நாடு அவர்களோடு வைத்திருந்த சிநேகம் அன்றைக்கு எங்கள் உயிரைக் காத்தது. அதே சிநேகம்தான் அந்தக் கிழவருக்காக ஒரு வார்த்தை பேசவிடாமல் என் வாயையும் கட்டியது.

பாக்தாத், பாலைவனம், ஜோர்டான் எல்லைக் கூடாரம், அம்மான், விமானம், பம்பாய், ரயில். ஆவூர் வந்து சேர்ந்தபோது ரீத்தாவுக்கு என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது.

குவைத் விடுபட்ட பிறகு, கோடையில், முதலாளியிடமிருந்து ஆள் மூலம் அழைப்பு வந்தது. வண்டிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, வா என்று. போனேன். எண்ணெய்க் கிணறுகள் எரிந்து, பகலிலும் ஹெட்லைட் போட்டு ஓட்டவேண்டியிருந்தது. சட்டை காயப்போட்டால் கறுப்புப் பொட்டு விழும். அரிசி மூட்டைக்குப் பின்னால் நாங்கள் வைத்த பம்புகள் வைத்தபடியே இருந்தன. ஆனால் ஜாசிம் இல்லை.

நாங்கள் போன பிறகு ஒரு பகலில் அவனைச் சிப்பாய்கள் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கே என்று தெரியாது. சண்டை முடிந்து, போனவர்களில் பாதிப்பேர் திரும்பிவந்தும் அவன் வரவில்லை. அவனுடைய தாய் தினமும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அபு நபீல் மெலிந்து போயிருந்தார். யார்டில் முன்போலவே வண்டியைச் சுற்றி நடந்தார், ஆனால் யாரும் அவருக்கு சலாம் சொல்லவில்லை. அவருடைய குடியிருப்பு விசா புதுப்பிக்கும் நேரம் வந்தது. அதற்கு முதலாளி கையெழுத்து வேண்டும், அவர் போடவில்லை. காரணம் என்ன என்று மற்ற ஊழியர்கள் எனக்குச் சொன்னார்கள். அவர் ஈராக் அதிகாரியோடு கைகுலுக்கியதை எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் பலமுறை அவர்களுடைய அலுவலகத்துக்குள் போய் வந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அவர் மகன் கைதட்டியதைக் கேட்டிருக்கிறார்கள்.

எதற்கு அந்த அலுவலகத்துக்குப் போனீர்கள் என்று அவரையே கேட்டேன்.

“ஜாசிமைத் தேடி” என்றார். “ஹமீதைப் பிடித்தால் ஏதாவது செய்யலாம் என்று போனேன். அவரை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். மற்றவர்கள் என்னைத் தெரியாது என்றார்கள். மறுபடியும் போனேன். மறுபடியும் போனேன்.”

“முதலாளிகிட்ட சொன்னீங்களா?”

“அவருக்குத் தெரியும்.”

அன்று சாயங்காலமே முதலாளி வீட்டுக்குப் போனேன். விருந்தினர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அத்தனை வருடத்தில் அவர் முன்னால் நான் நீளமாகப் பேசியது அன்றுதான். பம்பு கழற்றியதைச் சொன்னேன். ஹமீத் என்ன சொன்னார், அபு நபீல் ஏன் கையைப் பிடித்தார், அந்தச் சீட்டு எத்தனை பேரை ஊர் சேர்த்தது, எல்லாம் சொன்னேன். எந்த இடத்திலும் இதையே சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன் என்றேன்.

நான் முடித்ததும், “உன் சாட்சி எனக்குப் போதும் ஆரூக். இந்த நாட்டுக்குப் போதாது” என்றார்.

“நீங்க கையெழுத்துப் போட்டா...”

“போட்டால் நாளைக்கு ஊர்க்காரர்கள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அங்கே என் தாய் உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் ஆளைப் பார்ப்பதில்லை. அவன் தலைவன் யாரைக் கட்டிப்பிடித்தான் என்று பார்க்கிறார்கள்.”

எனக்கு ஆற்றாமையாக வந்தது. “எங்க நாடும் அவங்களோட சிநேகமாத்தான் இருந்துச்சு. அப்புறம் என்னை மட்டும் ஏன் வரச்சொன்னீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் தரைவிரிப்பைப் பார்த்தபடியே, “நீ வேலைக்கு வந்தவன். அவன் வாழ வந்தவன். வேலைக்கு வந்தவனை மன்னிப்பது சுலபம்” என்றார். பிறகு, “அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியவன் நான். என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை, பார்த்தாயா?” என்றார். அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அபு நபீல் குடும்பத்தோடு ஜோர்டானுக்குக் கிளம்பியபோது, வீட்டுச் சாமான்களைச் சஃப்வான் எல்லைவரை ஏற்றிப் போனது என் வண்டிதான். முதலாளி வண்டி கொடுத்தார், தான் வரவில்லை. கட்டில், அலமாரி, தையல் மிஷின், பிள்ளைகளின் சைக்கிள், ஓர் ஆலிவ் செடித் தொட்டி. நான் சங்கிலி போட்டு முடித்தேன். அவர் சுற்றி நடந்து பார்க்கவில்லை. ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவியும் பிள்ளைகளும் பின்னால் காரில் வந்தார்கள். நபீல் எங்களோடு, சன்னலோரம்.

சாலையின் இரண்டு பக்கமும் எரிந்த டாங்கிகளும் லாரிகளும் கிடந்தன. வருடக்கணக்கில் நாங்கள் வடக்கே கொண்டுபோனது, அப்புறம் தெற்கே வந்தது, இப்போது துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. அபு நபீல் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

எல்லைச் சாவடிக்குச் சற்று முன்னால் நபீல் வாயைத் திறந்தான். “பாபா, என்னால்தானே?”

அவர் அவன் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். “இல்லை. நீ ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் கைதட்டினாய். கட்டிப்பிடித்தவர் வேறு. அவருக்கு வீடு இங்கே இல்லை. இதை நீ சாகும்வரை சுமக்கக்கூடாது. கேட்டாயா?” என்றார். நபீல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

எல்லையில் வேறு லாரிக்குச் சாமான்களை மாற்றினோம். குவைத் பக்கத்து இளம் அதிகாரி அவர் கடவுச்சீட்டில் முத்திரை குத்தி நீட்டியபோது, “மாமா, நீங்கள் எந்த வருடம் வந்தீர்கள்?” என்று கேட்டான். “நீ பிறக்கும் முன்னால், மகனே” என்றார் அபு நபீல். அந்தப் பையன் எழுந்து நின்றான்.

என் வாழ்க்கையில் நான் ஓட்டிய பாரங்களில் அதுதான் இலேசானது. திரும்பி வரும்போது வண்டியை இரண்டு இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் அங்கே பல வருடம் ஓட்டினேன். அபு நபீல் அம்மானில் லாரி உதிரிபாகக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். நபீல் படித்து வாத்தியாராகிவிட்டான்.

பிறகு அடுத்த சண்டை. அதே துறைமுகம். கப்பல்கள் மறுபடி வரிசை கட்டின. பெட்டிகளின் நிறம் வேறு, அவற்றில் இருந்த எழுத்து வேறு. தூரதேசத்து ராணுவம் ஒன்று அதே சாலையில் வடக்கே கிளம்பிக்கொண்டிருந்தது. குவைத்தின் புதிய நண்பர்கள். அவர்களுக்குச் சாமான் கொண்டுபோக ட்ரெய்லர்கள் தேவைப்பட்டன. முதலாளிக்கு அப்போது நடை தளர்ந்து, மகன் கையைப் பிடித்துக்கொண்டு யார்டுக்கு வந்தார்.

“பாஸ்ரா சாலை உன்னைவிட யாருக்குத் தெரியும் ஆரூக்? முதல் வண்டி நீ எடு” என்றார்.

“பாதை தெரியும் முதலாளி. அதனாலதான் வேண்டாங்குறேன்” என்றேன். “அன்னைக்கு அவன் நம்ம கதவுன்னு சொன்னீங்க. இன்னைக்கு இவங்களச் சொல்றீங்க. நாளைக்கு இந்தப் பெட்டியெல்லாம் யார் கையில இருக்கும்?”

அவர் மகனுக்குக் கோபம் வந்தது. கிழவர் அவனைக் கையால் தடுத்தார்.

“நீ சொல்வது சரி. நாங்கள் சின்ன நாடு. பக்கத்தில் இருப்பவனை நம்பி இப்படி ஆனது. தூரத்தில் இருப்பவனை நம்பினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. யாரையும் நம்பாமல் தனியாக நிற்க எங்களால் முடியுமா? அதற்கு ஒரு வழி இருந்தால் சொல்.” மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். “அரசியலை விடு. இந்த வண்டிகள் அங்கே போனால் ஜாசிம் எங்கே கிடக்கிறான் என்றாவது தெரியும். என் தாய் வாசலில் உட்கார்ந்தபடியே செத்துப்போனாள்.”

நம் நாடும் எத்தனையோ பேரோடு கைகுலுக்குகிறது. குலுக்கவேண்டாம் என்று சொல்ல நான் யார்? கைகுலுக்குகிறவர்கள் வேறு, அந்தக் கையால் அடிபடுகிறவர்கள் வேறு என்பது மட்டும்தான் நான் அந்தச் சாலையில் கற்றுக்கொண்டது. நான் வண்டி எடுக்கவில்லை. விசாவை முடித்துக் கொடுக்கச் சொன்னேன். முதலாளி என் நெற்றியில் முத்தமிட்டு அனுப்பினார். கருப்பையா போனான். “எம் மக கல்யாணம் இருக்குண்ணே. நான் ஓட்டாட்டி வேற எவனாச்சும் ஓட்டத்தான போறான்” என்றான். அவன் சொன்னதும் பொய்யில்லை. நல்லபடியாகக் குவைத் திரும்பிவிட்டான்.

நான் ஊர் வந்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். கருப்பையா குவைத்திலிருந்து போன் செய்தான். ஈராக்கில் ஒரு பாலைவனத்தில் தோண்டி எடுத்த எலும்புகளில் ஜாசிமை அடையாளம் கண்டிருக்கிறார்கள். கொண்டுவந்து அடக்கம் செய்துவிட்டார்கள்.

“முதலாளி எப்புடிடா இருக்காரு?” என்று கேட்டேன்.

“அடக்கம் முடிஞ்ச அன்னைக்கே அபு நபீல் நம்பரக் கேட்டாருண்ணே. நாந்தான் தேடிப் பிடிச்சு, டயல் பண்ணிக் குடுத்தேன். ஜாசிம் கெடச்சுட்டான், மண்ணுல வச்சுட்டோம்னு சொன்னாரு. அம்புட்டுத்தாண்ணே பேசுனாரு. அங்கிட்டு அவரும் ஒண்ணும் பேசலை. போன வைக்கவும் இல்லை. ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே இருந்தாக. நான் வெளிய வந்துட்டேன்.”